அம்மாவும் தம்பியும் தனியாக இருக்கும் வீட்டுக்கு என்னென்ன கருவிகள் தேவை?

கும்பகோணத்துப் பழைய வீட்டில் 76 வயது அம்மாவும், மூன்று ஆண்டுகளுக்கு முன் இருசக்கர வாகன விபத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் 34 வயதுத் தம்பியும் வசிக்கிறார்கள். பகலில் மட்டும் ஓர் உதவியாளர் வந்துபோகிறார். நீங்கள் பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள். இருவரும் ஊரை விட்டு வர மறுக்கிறார்கள். ஸ்மார்ட் ஹோம் கருவிகளைப் பொருத்தினால் அவர்கள் அங்கேயே பத்திரமாக இருக்க முடியுமா, எல்லா அறைகளிலும் கேமரா வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு என் பதில், பெருமளவு முடியும் என்பது. இரண்டாவதற்கு, வாசலைத் தவிர வேறெங்கும் வேண்டாம் என்பது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் அவரவர் வீட்டை வாழத் தக்கதாக மாற்றிக்கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறேன். இந்தக் காலத்தில் நான் கண்ட வரையில், ஒரு கருவி பயன்படுமா, மூலையில் கிடக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் விலையோ தொழில்நுட்பமோ அன்று. அதை இயக்கும் அதிகாரம் அந்த வீட்டில் வாழ்பவர் கையில் இருக்கிறதா, வெளியூரில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் கையில் இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணோட்டத்தில் வைத்தே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வசதி படைத்தவர்களின் சொகுசுக்காகத் தோன்றியதே இந்தத் தொழில்நுட்பம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஆனால் 1960களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர்களுக்காக ரெஜ் மேலிங் என்பவர் ஒரு கருவியை உருவாக்கினார். வாயில் வைத்த குழாயில் ஊதியும் உறிஞ்சியும் அவர்கள் விளக்கைப் போட்டார்கள், மணியை அடித்தார்கள், தட்டச்சுப்பொறியைக்கூட இயக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் போசம் (Possum). லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'என்னால் முடியும்' என்று பொருள். அதே காலகட்டத்தில் அமெரிக்காவில், 14 வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972இல் அங்கே தொடங்கப்பட்ட சுதந்திர வாழ்வு மையத்துக்கு அவர்தான் முன்னோடி. பிறர் உதவியே இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதை அந்த இயக்கம் சுதந்திரம் என்று கொள்ளவில்லை. எதை, எப்போது, எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுப்பதைத்தான் சுதந்திரம் என்றது. உங்கள் தம்பியின் விஷயத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

தம்பியிடமிருந்தே தொடங்குகிறேன். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. அதனால் உடம்பு தன் வெப்பத்தைத் தானே தணித்துக்கொள்ள முடியாது. சித்திரை, வைகாசியில் நள்ளிரவில் மின்விசிறி நின்றுபோனால் நமக்குப் புழுக்கம், அவருக்கோ உடல் வெப்பம் ஏறி நிலைமை ஆபத்தாகிவிடக்கூடும். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவர் அம்மாவை எழுப்ப வேண்டியிருக்கிறது என்றால், 76 வயதான ஒருவர் இருட்டில் எழுந்து நடக்கும் ஒவ்வொரு முறையும் இன்னோர் ஆபத்து உருவாகிறது. ஆகவே அந்த வீட்டில் நான் முதலில் மாற்றச் சொல்வது தம்பியின் அறை மின்விசிறியைத்தான். ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்தான் எடுக்கும். பழைய மின்விசிறி 75 வாட் வரை எடுக்கும். கரண்ட் போகும்போது அதே இன்வெர்ட்டர் பேட்டரியில் இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் ஓடும் என்பது, கோடை இரவில் சாதாரண இலாபம் அன்று. அவர் படுக்கைப் புண் வராமல் இருக்க ஏர் பெட் பயன்படுத்துகிறார் என்றால், அதன் பம்பையும் இன்வெர்ட்டர் இணைப்பிலேயே கொடுத்துவிடுங்கள். பல வீடுகளில் தொலைக்காட்சிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறது, ஏர் பெட்டுக்கு இருப்பதில்லை.

அடுத்தது விளக்கும் ஸ்விட்சும். கடையில் கேட்டால் ஸ்மார்ட் பல்பைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அம்மா பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் அந்தப் பல்புக்கு மின்சாரம் போகாது. பிறகு தம்பி எத்தனை முறை சொன்னாலும் அது எரியாது. அதற்குப் பதிலாக, இருக்கிற ஸ்விட்ச் போர்டுக்குள்ளேயே சிறிய ரிலே மாட்யூலைப் பொருத்தச் சொல்லுங்கள். அப்போது சுவரில் இருக்கும் ஸ்விட்ச் எப்போதும்போல அம்மாவுக்கு வேலை செய்யும், அதே விளக்கு தம்பியின் கைபேசிக்கும் குரலுக்கும் கட்டுப்படும். இத்தகைய மாட்யூல்களில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் கம்பி தேவை. பழைய வீட்டில் எல்லா ஸ்விட்ச் பெட்டிக்குள்ளும் நியூட்ரல் இருக்காது என்பதால், கருவி வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. 2000 வாட் கீசர் ஒன்று ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதை 10 ஆம்பியர் மாட்யூலில் கொடுத்தால் சில மாதங்களில் சூடேறிக் கருகிவிடும். கீசருக்கும் ஏ.சி.க்கும் 16 ஆம்பியர் தாங்குவதை மட்டுமே பொருத்த வேண்டும்.

அழகாக இருக்கிறது என்று கண்ணாடி முகப்புள்ள டச் பேனலைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்வை குறைந்தவர் விரலால் தடவித்தான் ஸ்விட்சைக் கண்டுபிடிப்பார், வழவழப்பான கண்ணாடியில் தடவிக் கண்டுபிடிக்க ஒன்றுமே இருக்காது. பார்வையற்ற ஓர் ஆசிரியர் வீட்டில் அப்படி ஒரு பேனலை வைக்க நானே ஒப்புக்கொண்டேன். விசிறி ஸ்விட்சைத் தேடி அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்ததும், வீட்டு விளக்குகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அணைந்து எரிந்ததை அவர் மனைவி சொன்னபோதுதான் நான் செய்த பிழை எனக்குப் புரிந்தது. மறுவாரமே அதைக் கழற்றிவிட்டுப் பழைய மேடு பள்ளமுள்ள ஸ்விட்சுகளைத் திரும்பப் போட்டு, விசிறி ஸ்விட்சின்மீது மட்டும் ஒரு சிறு பொட்டு ஒட்டினோம். அது இன்றும் இருக்கிறது.

குரல் கட்டுப்பாட்டைப் பற்றி நீங்கள் நிறைய நம்பிக்கை வைத்திருப்பது தெரிகிறது. தம்பிக்கு அது உண்மையிலேயே பெரும் உதவி, ஆனால் மொழி ஒரு தடை. அமேசானின் ஸ்மார்ட் ஒலிபெருக்கியில் இயங்கும் குரல் உதவியாளரான அலெக்சா 2017இல் இந்தியாவுக்கு வந்தது, 2019இல் இந்தி கற்றது, தமிழ் இன்னும் பேசுவதில்லை. ஆனால் ரொட்டீன் என்ற வசதியில் நாமே ஒரு கட்டளைச் சொல்லை அமைத்துக்கொள்ளலாம். 'ஃபேன்', 'லைட்', 'கதவு' போன்ற குறுகிய சொற்கள் பெரும்பாலும் எடுபடுகின்றன. ஒவ்வொன்றையும் பத்து முறை சொல்லிப் பார்த்து, எட்டு முறையாவது சரியாக நடந்தால்தான் நான் அதை வைத்துக்கொள்வேன். கழுத்துக் காயத்தில் மூச்சுத் தசைகளும் பலவீனப்படுவதால் தம்பியின் குரல் இரவில் தணிந்திருக்கலாம். அதனால் ஒலிபெருக்கியைக் கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒரு கை தூரத்துக்குள் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் காற்றின் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: 108க்கோ 112க்கோ அழைக்க இந்த ஒலிபெருக்கியை நம்பக்கூடாது. அவசர அழைப்புக்குக் கைபேசி எப்போதும் அவர் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

குரலை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்கு மணிக்கட்டை மேலே தூக்க முடிகிறது, விரல்களுக்கு வலு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாகவே சற்று மடங்கும்; அந்தப் பிடியைக் கொண்டே பலர் கைபேசியை இயக்கப் பழகிவிடுகிறார்கள். கட்டில் ஓரத்தில் உள்ளங்கை அகலமுள்ள கம்பியில்லா பொத்தான் ஒன்றை ஒட்டிவைத்தால், புறங்கையால் ஓர் இடி கொடுத்தாலே விளக்கு எரியும். காயம் இன்னும் மேலே பட்டுக் கையே அசையாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் 2021 முதல், வாயைத் திறப்பது, புருவத்தை உயர்த்துவது, புன்னகைப்பது ஆகிய முக அசைவுகளையே பொத்தான்போலப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது. ஐபோனில் 2024இல் கண் பார்வையால் திரையை இயக்கும் வசதி வந்தது. தொலைக்காட்சிக்கும் ஏ.சி.க்கும் அவற்றின் ரிமோட் அனுப்பும் அதே அகச்சிவப்புக் குறிப்பை அனுப்பும் சிறு கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால், பழைய சாதனங்களைத் தூக்கி எறியவும் தேவையில்லை.

வாசல் கதவைத் தம்பியின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருவதை நான் மிக மதிப்பாகக் கருதுகிறேன். அழைப்பு மணி அடித்தால் யார் என்று கைபேசியில் பார்த்து, பேசி, திறக்கவோ மறுக்கவோ அவரால் முடியும் என்ற நிலை வந்த பிறகு, வீட்டில் அவருடைய இடமே மாறிவிடும். அதுவரை அவர் பார்த்துக்கொள்ளப்படுபவர். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வரலாம் என்று சொல்பவர். கைரேகைப் பூட்டு வாங்கினால் எண் பலகையும் சாவித் துளையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வயது கூடக்கூட விரல் ரேகை தேய்ந்துவிடும் என்பதை, ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் நின்ற அனுபவத்தில் அம்மாவே உங்களுக்குச் சொல்வார்.

இனி அம்மா. அந்த ஊர்ப் பழைய வீடுகளின் அமைப்பு எனக்குத் தெரியும். முன்னால் திண்ணை, பிறகு கூடம், முற்றம், அதைத் தாண்டி அடுக்களை, கடைசியில் கொல்லைப்புறத்தில் குளியலறையும் கழிப்பறையும். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கூடத்திலிருந்து கொல்லை வரை முழு வீட்டையும் கடக்க வேண்டும், நடுவில் முற்றத்து ஓரத்தில் ஒரு படி இறங்கி ஏறவும் வேண்டும். விளக்கைப் போட்டால் தம்பி விழித்துக்கொள்வான் என்று இருட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்குகள். அவற்றைத் தலைக்கு மேலே வைக்காமல், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சுவரில் வைத்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்காது, படியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். கட்டிலிலிருந்து கால் கீழே வைத்ததுமே முதல் விளக்கு எரிய வேண்டும், அதன் வெளிச்சம் முடியும் இடத்தில் அடுத்தது எரிய வேண்டும். இதற்கு இணையமும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம்.

இந்தச் சென்சார்களின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் விற்பவர்கள் சொல்வதில்லை. மலிவாகக் கிடைக்கும் வகை, நம் உடம்பின் வெப்பத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே ஆள் இருப்பதை அறிகிறது. கத்திரி வெயிலில் அறையின் வெப்பம் 36, 37 பாகையை எட்டும்போது அந்த வேறுபாடு மங்கிச் சென்சார் தடுமாறும். இரவு நேர விளக்குக்கு இது பெரிய குறையன்று. பகலில் 'அம்மா நடமாடவில்லை' என்று முடிவெடுக்க அதை நம்பினால்தான் தவறாகும். ரேடார் வகைச் சென்சார் அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் மூச்சு அசைவைக்கூட அறியும், படம் எதையும் எடுக்காது, ஆகவே குளியலறைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் சுழலும் மின்விசிறியையும் காற்றில் ஆடும் திரைச்சீலையையும் அது ஆள் என்று எண்ணிக்கொள்ளும். அதை விசிறி இல்லாத அறையில் வைக்க வேண்டும், அல்லது அதன் பார்வைக் கோணத்தைக் குறுக்கிவிட வேண்டும்.

விழுவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் பயம் அதுதான். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் முதியவர்களே மிகுதி. விழுந்த அடியைவிட, எழ முடியாமல் தரையிலேயே மணிக்கணக்கில் கிடப்பது பல நேரங்களில் அதிகக் கேடு செய்கிறது. அழுந்திக் கிடக்கும் தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும், உடலில் நீர் வற்றும், நுரையீரலில் சளி கட்டும். கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் 66 பேர் விழுந்திருந்தார்கள். அவர்களில் ஐந்தில் நால்வர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் போனார்கள், 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் அபாய அழைப்புப் பொத்தான் இருந்தது. அப்படி நெடுநேரம் கிடந்த சமயங்களில் பெரும்பாலும் அது பயன்படுத்தப்படவில்லை.

ஏன் என்பதை நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு பாட்டியின் வீட்டில் கண்ணால் பார்த்தேன். பேரன் அனுப்பிய பொத்தான் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. குளிக்கப் போகும்போது கழற்றி மாட்டுவாராம், நனைந்து கெட்டுவிடக் கூடாதே என்று. குளித்து வந்தபின் போட்டுக்கொள்ள மறந்துவிடும். கழுத்தில் தாலிக்கயிறு இருந்த இடத்தில் இதைப் போட மனம் ஒப்பவில்லை என்று பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். ஈரத் தரையில் வழுக்கி விழும் அந்தக் குளியலறைக்குத்தான் அவர் பொத்தான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் அதைக் கழுத்திலிருந்து நீக்கி, நீர் புகாத பொத்தான் ஒன்றைக் குளியலறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், படுத்த நிலையில் கை எட்டும்படி பொருத்தினோம். அதிலிருந்து ஒரு கயிற்றையும் தரை வரை தொங்கவிட்டோம். உங்கள் அம்மாவுக்கும் இதையே சொல்வேன். இதனுடன் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக மாற்றி, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி செய்துவிடுங்கள். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டு, உதவிக்கு வந்தவர்கள் வெளியே நின்று தவித்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் ஸ்மார்ட் கருவிகள் அல்ல. ஆனால் பணம் கொஞ்சமாக இருந்தால் நான் முதலில் அவற்றுக்குத்தான் செலவிடச் சொல்வேன்.

விழுந்ததைத் தானே உணரும் கைக்கடிகாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆப்பிள் நிறுவனம் 2018இல் அதைக் கொண்டுவந்தது. பலமாக விழுந்தபின் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவில்லை என்றால் அவசர எண்ணை அழைக்கும். தினமும் சார்ஜ் போடும் பழக்கம் உள்ளவருக்கு அது நல்லது. உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் விவரித்த வாழ்க்கை முறையில் அது மூன்றாம் வாரமே அலமாரிக்குள் போய்விடும் என்று நினைக்கிறேன்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி ஜப்பானில் இருக்கிறது. 1996இல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், நோயுற்ற மகனும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த முதிய தாயும் வீட்டுக்குள்ளேயே இறந்து, ஒரு மாதம் வரை யாருக்கும் தெரியாமல் கிடந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு சோஜிருஷி நிறுவனம் 2001இல் ஒரு வெந்நீர்க் கெண்டியை வெளியிட்டது. வீட்டில் இருப்பவர் தேநீருக்காக அதை அழுத்தும் நேரங்கள் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு நாளுக்கு இருமுறை மின்னஞ்சலாகப் போகும். படம் இல்லை, குரல் இல்லை, 'அம்மா இன்று காலை ஆறரைக்குத் தேநீர் போட்டார்' என்ற செய்தி மட்டும். நம் வீடுகளிலும் அப்படி ஒரு தினசரி அடையாளம் நிச்சயம் இருக்கும். விடியற்காலையில் பால் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறப்பது, பூஜை அறை விளக்கைப் போடுவது, கொல்லைக் கதவைத் திறப்பது ஆகியவற்றுள் எது அம்மா ஒருநாளும் தவறவிடாத காரியம் என்று அவரிடமே கேளுங்கள். அந்தக் கதவில் விரல் அளவுள்ள காந்தச் சென்சார் ஒன்றை ஒட்டி, காலை எட்டு மணி வரை அது திறக்கப்படாவிட்டால் மட்டும் செய்தி வரும்படி அமைத்தால் போதும். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் உங்களுக்கு எந்தச் செய்தியும் வராது.

ஆனால் செய்தி வந்தால் யார் போவார்கள்? பெங்களூரிலிருந்து நீங்கள் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். கருவி வாங்குவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் ஒருவர், அடுத்த தெருவில் ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேரிடம் நேரில் போய்ப் பேசி, வாசல் பூட்டுக்கு அவர்களுக்கென்று தனி எண் கொடுத்து, அபாயச் செய்தி உங்களுக்கு வரும் அதே நொடியில் அவர்களுக்கும் போகும்படி செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவே பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும். எதிர்வீட்டார் வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகட்டும். அழுத்தினால் ஆள் வருகிறார் என்பதைக் கண்ணால் பார்த்தவர்தான், உண்மையில் விழும்போது தயங்காமல் அழுத்துவார்.

இப்போது கேமரா. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதும் தெரிகிறது. ஆனால் நினைத்துப் பாருங்கள்: உங்கள் தம்பிக்கு உடை மாற்றுவதும், சிறுநீர்க் குழாயை மாற்றுவதும், உடம்பு துடைப்பதும் அந்த அறையில்தான் நடக்கின்றன. அம்மா கூடத்தில் புடவைத் தலைப்பை நழுவவிட்டு விசிறிக்குக் கீழே காற்றாடப் படுப்பதும், மனம் கனத்த நாளில் தனியாக அழுவதும் அங்கேதான். ஒரு வீட்டில் கேமரா வைத்த பிறகு, அந்த அறையிலேயே உட்காராமல் நாள் முழுவதும் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்திருக்கிறேன். மகன் பார்வையில் அவர் பத்திரமாக இருந்தார், தன் வீட்டில் தனக்குப் பிடித்த நாற்காலியை இழந்திருந்தார். வீட்டில் யாரும் அழைப்பை ஏற்காமலேயே, வெளியே இருப்பவர் ஒலிபெருக்கி வழியாக உள்ளே பேசத் தொடங்கும் டிராப் இன் வசதியையும் இதே காரணத்துக்காக, தம்பி விரும்பித் தன் கையால் இயக்கினால் ஒழிய, அணைத்தே வைத்திருங்கள். வாசலுக்கு ஒரு கேமரா வைக்கலாம். அதில் தெரிவது உள்ளே இருப்பவர்கள் அல்லர், உள்ளே வர விரும்புபவர்கள்.

அடுக்களையையும் தண்ணீர் மோட்டாரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே கசிவை அறியும் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் வைக்க வேண்டும், பலர் வைப்பதுபோல் பரணுக்குப் பக்கத்தில் அல்ல. கசிவுக்கான 1906 என்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். அடுப்பை மறந்துவிடும் பழக்கம் தொடங்கியிருந்தால், தானே அணையும் இண்டக்ஷன் அடுப்புக்குப் பால் காய்ச்சுவதையும் காபியையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாச் சமையலையும் ஒரே நாளில் மாற்றினால் அம்மா மறுத்துவிடுவார். மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும்வரை மாடிப்படி ஏறி இறங்குவது முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாத வேலை, நீர்மட்டத்தைப் பார்த்துத் தானே நிறுத்தும் கன்ட்ரோலர் பொருத்திவிடுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை நேரடியாக ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக்கூடாது. தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு என்பதால் பிளக்கின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடும். இடையில் கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்விட்ச்) வைக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் மின்சாரமும் இணையமும். ரவுட்டருக்கென்று தனியாகச் சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் தம்பிக்கு எதுவும் கட்டுப்படாது. பிரிட்டனில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் தொலைபேசி வழியாக இயங்கும் அபாய அழைப்புக் கருவிகளை நம்பியிருக்கிறார்கள். அங்கே பழைய செம்புக் கம்பி இணைப்புகளை இணைய வழிக்கு மாற்றத் தொடங்கியபோது சிலரது கருவிகள் வேலை செய்யாமல் போயின. அதனால் 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க நிறுவனங்கள் உறுதியளித்தன, கடைசித் தேதியும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் அந்தக் கம்பியிலேயே வந்தது. புதியதற்கு வீட்டில் கரண்ட் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றபோது, அதைப் பொருத்தியிருந்தவர்களின் செயலியும் குரல் கட்டளைகளும் ஒரே நாளில் செயலிழந்தன. ஆகவே இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள்ளேயே இயங்கும் கருவிகளைத் தேர்ந்தெடுங்கள். 2022 அக்டோபரில் வந்த மேட்டர் தரம் உள்ளவை, வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தாலும் ஒன்றோடொன்று பேசும், வீட்டுக்குள்ளேயே இயங்கும். உங்கள் வீட்டுச் சுவர்களின் பருமனுக்கு ரவுட்டரின் அலை கொல்லைப்புறம் வரை எட்டாது. ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையில் இயங்கும் கருவிகள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியை வாங்கிக் கடத்துவதால், கூடத்திலும் அடுக்களையிலும் இருக்கும் ஸ்விட்ச் மாட்யூல்களே குளியலறைப் பொத்தானின் குரலை முன்கட்டுவரை கொண்டுவந்து சேர்க்கும்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை தம்பியை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வர முடிந்தால், காமராசர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நல இயக்கக வளாகத்தில் 2022இல் திறக்கப்பட்ட மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸுக்குப் போங்கள். அங்கே கருவிகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், இயக்கியும் பார்க்கலாம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் ஆலோசனை கிடைக்கும். ஊரிலேயே இருப்பதற்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள், பதிந்துவிடுங்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணையும் அம்மாவின் கைபேசியில் சேமித்துவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பொருத்திவிட்டுத் திரும்பாதீர்கள். முதல் முறை போகும்போது எதையும் வாங்காமல் ஒரு முழு நாள், விடியலிலிருந்து இரவு விளக்கணைக்கும்வரை, இருவரோடும் உட்கார்ந்து பாருங்கள். அம்மா எந்த இடத்தில் சுவரைப் பிடிக்கிறார், தம்பி ஒரு நாளில் எத்தனை முறை 'அம்மா' என்று கூப்பிடுகிறார், எதற்காகக் கூப்பிடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே உங்கள் கொள்முதல் பட்டியல். முதலில் கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு, குளியலறைப் பொத்தான், தம்பியின் விசிறி. அவை பழகி ஒரு மாதமான பின் மற்றவை.

கருவிகளைப் பொருத்தும் நாளில் செயலியில் கணக்குத் தொடங்கச் சொல்லும்போது, உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். தம்பியின் கைபேசியில், தம்பியின் பெயரில், அவர் வைக்கும் கடவுச்சொல்லோடு கணக்கைத் தொடங்குங்கள். உங்களுக்கு என்னென்ன தெரியலாம் என்பதை அவரும் அம்மாவும் பேசி முடிவு செய்து, அங்கிருந்து உங்களுக்கு அழைப்பு அனுப்பட்டும்.